ஐந்தாம் அத்தியாயமும் ஒரு கட்டுமரமும்

எழுத்து வராத நாட்களில் நான் செய்த காரியங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். பேனாவை வெந்நீரில் போட்டுக் கழுவினேன். நீல மையை விட்டுக் கறுப்பு மைக்கு மாறினேன். மேஜையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினேன், இரண்டு நாள் கழித்து வடக்குப் பார்த்துத் திருப்பினேன், அப்புறம் மேஜையே வேண்டாம் என்று தரையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தபோது நடந்தது இது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். கூடவே கதை எழுதுகிறவன் என்றும் பெயர் வாங்கியிருந்தேன்.

பெயர் வாங்கியதுதான் வம்பாகப் போயிற்று. சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகை என்னிடம் தொடர்கதை கேட்டது. கடலோரக் கதையாக இருக்க வேண்டும் என்றார்கள். செங்கல்பட்டு ஆள் என்றால் கடல் தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். கடல் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போய்க் கோயிலைக் காட்டி, சுண்டல் தின்று, காலை நனைத்துக்கொண்டு திரும்பி வருவோம். என் கடல் அவ்வளவுதான். இதை நான் பத்திரிகைக்குச் சொல்லவில்லை. ஆசை யாரை விட்டது.

நான்கு அத்தியாயம் மளமளவென்று எழுதினேன். கதாநாயகி ஒரு குப்பத்துப் பெண். அவள் புருஷன் மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. ஊர் நம்பிக்கையை விட்டுவிட்டது, அவள் விடவில்லை. நான்காம் அத்தியாயத்தின் கடைசியில் அந்திநேரத்துக் கரையில் நிற்கும் கட்டுமரத்தின் மேல் கையை வைத்து, விடிந்ததும் இதைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு நானே போய்த் தேடுவேன் என்று சபதம் போடுகிறாள். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. வாசகர்களும் கடிதம் போட்டார்கள்.

அதோடு நின்றுவிட்டது. 'விடிந்தது' என்று எழுதுவேன், அடிப்பேன். 'கிழக்கு வெளுத்தது' என்று எழுதுவேன், அதையும் அடிப்பேன். அவள் கரைக்கு வருவாள், மரத்தின் மேல் கையை வைப்பாள், அதற்கு மேல் ஓர் அங்குலம் நகர மாட்டாள். நானும் விதவிதமாகத் தள்ளிப் பார்த்தேன். அலை பெரிதாக இருந்தது என்று ஒரு நாள், சிறிதாக இருந்தது என்று ஒரு நாள். எதற்கும் அவள் பிடி கொடுக்கவில்லை.

என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் வெளியே போகத் தோன்றியது. கொளவாய் ஏரியை ஒட்டித் தண்டவாளத்தோரமாக நடப்பேன். பாதி தூரம் போனதும் இதோ வந்துவிட்டது, உடனே போய் எழுத வேண்டும் என்று இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பிப் பேனாவைத் திறந்தால், வெறும் மூச்சிரைப்புதான் மிஞ்சும். மறுபடி எழுந்து ஸ்டேஷனுக்குப் போய் யாரையோ அழைத்துப்போக வந்தவன் மாதிரி பிளாட்பாரத்தில் நிற்பேன்.

ஒரு வாரம் கதை வரவில்லை. ஆசிரியருக்கு உடல்நலக் குறைவு என்று பத்திரிகையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். மறுநாள் அலுவலகத்தில் எல்லாரும் எனக்கு என்ன சீக்கு என்று விசாரித்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் விஷயத்துக்கு வந்தார்.

"சீக்கு கெடக்குது சார். அந்தப் பொண்ணு மரத்தத் தள்ளிச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க. எங்கூட்ல ஒரே பேஜாரு பண்றாங்க."

"வர்ற வாரம் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஃபைலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். டீக்கடையில் கேட்டார்கள். தபால்காரர் கேட்டார். சலூனில் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். கேட்காத ஒரே ஆள் என் மனைவி. அவள் பாட்டுக்குக் காபியை வைத்துவிட்டுப் போவாள். கசக்கி எறிந்த காகிதங்களைப் பொறுக்கி அடுப்படிக்குக் கொண்டுபோவாள். எனக்கு வந்த கோபம் முழுதும் அவள் மேல் திரும்பியது. "ஊரே கேக்குது, உனக்கு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?" என்று ஒரு நாள் கத்தினேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். சுரணை கெட்டவள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பத்திரிகையிலிருந்து கார்டு வந்தது. வியாழக்கிழமைத் தபாலில் அத்தியாயம் கிளம்பவில்லையென்றால் வேறொருவரை வைத்துக் கதையை முடித்துக்கொள்வோம் என்று இரண்டே வரி. அந்த 'வேறொருவர்' என்ற சொல்லையே நாலு தடவை படித்தேன். என் கதைப் பெண்ணை எவனோ ஒருவன் கடலில் தள்ளப்போகிறான். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு முதல் பஸ்ஸில் ஏறினேன். கட்டுமரத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டால் போதும், கை தானாக ஓடும் என்று நம்பினேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு சின்ன லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுக் கரையோரமாகவே நடந்து ஒரு குப்பத்துக்கு வந்தேன். மாசி மாதம், கடல் சாதுவாக இருந்தது. கரையில் ஒரு கட்டுமரத்தைக்கூடக் காணோம். மணலில் நான்கைந்து கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே கிடந்தன. பக்கத்தில் ஒரு பெண் நெத்திலியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், முப்பதைத் தொட்டிருப்பாள்.

"ஏம்மா, இங்க கட்டுமரமெல்லாம் எங்க?"

"கடல்ல கீது. இந்நேரத்துக்கு வேற எங்க இருக்கும்?"

"சாயங்காலம் வந்து கரையில நிக்கும் இல்லையா? பக்கத்துல போய்ப் பாக்கணும்."

அவள் நெத்திலியை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாது, நிக்குமா? வந்ததும் கட்ட அவுத்து ஒவ்வொண்ணையும் தனியா போட்டுருவாங்க. தண்ணி குடிச்ச மரம் காய வாணாமா? மறுநாளு தண்ணியோரம் தூக்கினு போயி திரும்பக் கட்டுவாங்க. தோ, உன் காலாண்ட கெடக்குதே, அதான் கட்டுமரம்."

குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஆள் தூக்க முடியாத கனம். "ஒரு பொம்பளை தனியா இதைத் தள்ளிக்கிட்டுப் போக முடியுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"ஒரு கட்டைய ரெண்டு ஆம்பள தோள்ல சொமந்தாத்தான் நவுரும். எவ சொன்னா உனுக்கு?"

"ஒரு கதையில படிச்சேன்."

"எழுதனவன் கரைக்கே வந்ததில்ல போல கீது" என்றாள்.

ஆமாம், வந்ததில்லை என்று நானும் தலையாட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை. என் பெண் பதினைந்து நாளாகக் கையை வைத்துக்கொண்டு நின்றது எந்த மரத்தின் மேல்? அந்தி நேரத்தில் அப்படி ஒரு மரம் எந்தக் கரையிலும் நிற்காது. நான்காம் அத்தியாயம் அச்சாகி ஊரெல்லாம் போயாகிவிட்டது. இனி அதை அழிக்க முடியாது. சமாளிப்பதற்காக, "எல்லா மரமும் போயிருக்கே, இது மட்டும் ஏன் போகல?" என்று கேட்டு வைத்தேன்.

அவள் கை நின்றது. "எங்கூட்டு மரம். காயுது" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எவ்வளவு நாளாகக் காய்கிறது என்பதை டீக்கடைக்காரர் சொன்னார். ஐப்பசி மழையில் அவள் புருஷனும் அவன் மச்சானும், அதாவது அவளுடைய தம்பியும், ஒரே மரத்தில் போயிருக்கிறார்கள். கரைக்குப் பக்கத்திலேயே அலை மரத்தைப் புரட்டிவிட்டது. புருஷன் நீந்தி வந்தான். தம்பி வரவில்லை. அதிலிருந்து இவன் கடலில் இறங்குவதில்லை. "தெனம் கட்டுவான். நிப்பான். அவுத்துருவான்" என்றார் கடைக்காரர். எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்றது. அந்தத் தம்பிக்காக ஒரு நிமிஷம்கூட வருத்தப்படாமல், நாளைக் காலையில் இதைப் பார்த்தே தீர வேண்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே போய் மணல்மேட்டில் உட்கார்ந்தேன். குப்பத்து ஆட்கள் கட்டைகளைத் தோளில் சுமந்து தண்ணியோரம் கொண்டுபோனார்கள். போகிற போக்கில் இருவர் இருவராக அவள் புருஷனின் கட்டைகளையும் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டார்கள். யாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அவன் குந்தி உட்கார்ந்து கட்டினான். கயிற்றை முன்னும் பின்னும் சுற்றி, காலால் மிதித்து இறுக்கினான். வேலை தெரிந்த கை என்று எனக்கே தெரிந்தது. கட்டி முடித்ததும் எழுந்து நின்றான். மற்ற மரங்கள் ஒவ்வொன்றாக அலையைத் தாண்டிப் போயின. அவன் நின்றுகொண்டேயிருந்தான். கணுக்கால் வரை தண்ணீர் வந்து வந்து போயிற்று. வெயில் சுரீரென்று அடிக்க ஆரம்பித்ததும் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தான்.

நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அவன் முழங்கை நடுங்கியதை எழுதினேன். உதட்டைக் கடித்ததை எழுதினேன். 'சக மனிதனை ஏறெடுத்தும் பாராத கல்நெஞ்சக் கூட்டம்' என்று குப்பத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டேன். அடித்தது யோகம் என்று இருந்தது. நான்காம் அத்தியாயத்தின் தப்பாவது ஒன்றாவது, இதை அப்படியே தூக்கி ஐந்தாம் அத்தியாயத்தில் வைத்துவிடலாம். போன புருஷன் திரும்பி வருகிறான், பயந்தவனாக வருகிறான். என் கதை பிழைத்துவிட்டது.

புதன்கிழமை இன்னும் கிட்டத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றும் கட்டினான், நின்றான். பிறகு மரத்தைத் தள்ள ஆரம்பித்தான். நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கணுக்கால் தாண்டியது, முழங்கால் வரை தண்ணீர். அலை ஒன்று வந்து மரத்தைத் தூக்கியது. ஒரு கையை மரத்தின் மேல் வைத்தபடி ஏனோ திரும்பிக் கரையைப் பார்த்தான். கரையில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். நேராக என் கண்ணைப் பார்த்தான். அப்புறம் மரத்தை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் மனைவி, அந்த நெத்திலிக்காரி, மணலை வாரி இறைக்காத குறையாக என்னிடம் வந்தாள். குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"அண்ணாத்த, நீ கெளம்பு."

"நான் ஒண்ணும் பண்ணலையேம்மா."

"ரெண்டு நாளா பாத்துகினு கீறேன். நோட்ட வச்சினு முழிச்சி முழிச்சிப் பாக்கற. இந்தக் குப்பத்துல ஒருத்தராவது எங்கூட்டு ஆளு மூஞ்சியப் பாக்கறாங்களா? பாத்தா அதுக்குக் கூச்சம் வந்துரும். எறங்காது. தன்னால எறங்கட்டும்னுதான் அல்லாரும் வேற பக்கம் திரும்பிகினு போறாங்க. கட்டனவளே நான் திரும்பிகினு கீறேன். நாலு மாசத்துல இன்னிக்கித்தான் முட்டி வரைக்கும் போச்சு. திரும்பி உன்னப் பாத்துச்சு, வந்துருச்சு."

நோட்டை மூடினேன்.

"எழுதற ஆளா நீ?"

"ஆமாம்."

"அத்தப் பத்தி எழுதிடாத" என்றாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை, உத்தரவாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என்னையும் பார்க்காமல் திரும்பி நின்றாள்.

லாட்ஜுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கையில் இரண்டு நாள் குறிப்பு இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சரக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. எழுதினால் அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று ஒரு புத்தி சொல்லியது. திருக்கழுக்குன்றம் வரும்வரை அந்தப் புத்தியோடு மல்லுக்கட்டினேன். அங்கே பஸ் அரைமணி நேரம் நிற்கும் என்றார்கள். இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் நின்று அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். பெரிய தியாகம் செய்கிற நினைப்பெல்லாம் இல்லை. ஆத்திரமாகத்தான் இருந்தது. அவள் மேல், பத்திரிகை மேல், சலூன்காரர் மேல், எல்லார் மேலும். விடியற்காலையில் இறங்கப் போனவனைப் பார்வையாலேயே கரைக்கு இழுத்துப்போட்டவன் மேல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது.

அவனைப் பற்றி எழுதினால் என்ன என்று தோன்றியது. மணல்மேட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவனைப் பற்றி எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

பஸ் படியில் உட்கார்ந்தே ஆரம்பித்தேன். விடிந்ததும் அவள் கரைக்கு வருகிறாள். நேற்று மாலை யாரோ கட்டி நிறுத்தியிருந்த மரத்தை ஊர் அவிழ்த்துப் போட்டிருக்கிறது. கட்டைகள் தனித்தனியே கிடக்கின்றன. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது பட்டணத்திலிருந்து செருப்பும் சட்டையுமாக ஒருவன் வந்து, ஏன் தள்ளவில்லை என்று அவளைக் கேட்கிறான். கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவன் வாயில் சலூன்காரர் கேட்டது, டீக்கடையில் கேட்டது, நானே கேட்டது எல்லாம் வந்து விழுந்தன. அவள் பதிலுக்கு அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பதினைந்து நாள் ஊமையாக நின்ற பெண் அப்படிப் பேசுவாள் என்று எனக்கே தெரியாது. கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழாமல் அவரிடமும் திட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டேன். அடுப்படிக்குப் போய்ப் பசிக்கிறது என்றேன். என் மனைவி தட்டை எடுத்து வைத்துவிட்டு, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக வந்தது.

"இத்தனை நாள் ஏன் கேக்கல?"

"கேட்டா மட்டும் வந்துடுமா? கேக்கறவங்களைப் பாத்தாலே பின்வாசல் வழியா ஓடறீங்க. நானும் கேட்டா வூட்டைவிட்டு எங்க ஓடுவீங்க?" என்று ரசத்தை ஊற்றினாள். நான் குனிந்து சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ரசத்தின் மேல் பழி போட்டேன். மறுநாள் காலையில் கவரைப் பத்திரமாக ஒட்டி ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டேன். கதை மேலும் பதினோரு வாரம் வந்தது.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் நிற்கிறேன். மகாபலிபுரம் பஸ்ஸிலிருந்து ஒரு கூடை இறங்கியது, பின்னாலேயே அவளும் இறங்கினாள். மீன் தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர் சத்தம் போட்டார். அவரை ஒரு பிடி பிடித்துவிட்டுத் திரும்பியவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா அண்ணாத்த, எங்கூட்டு ஆளப் பத்தி எழுதிட்டியா?"

"இல்லம்மா. நீதான எழுதக்கூடாதுன்னு சொன்ன." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். இரண்டு வருடமாக அந்த வார்த்தையைக் காப்பாற்றியதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

"அது அப்போ. நீ போன எட்டாம் நாளே எறங்கிடுச்சு. இப்பத்தான் தெனம் போவுதே, எழுதறதுக்கு இன்னா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதனா எந்தம்பியப் பத்தி எழுது. எங்கூட்டு ஆளுக்குக் கூச்சமா இருக்கும்னு குப்பத்துல அவன் பேச்ச யாரும் எடுக்கல. நானும் எடுக்கல. அப்புறம் அது எறங்கிடுச்சு. எறங்கன ஆளு நின்னுடப் போவுதேன்னு அப்பவும் எடுக்கல. ரெண்டு வருசமா அவன் பேர எங்கூட்ல சொன்னதில்ல அண்ணாத்த. நீயும்தான் ரெண்டு நாள் குந்திகினு இருந்த. எங்கூட்டு ஆளத்தான் பாத்த. தம்பி எப்படி இருப்பான்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. அந்த மூன்று நாளில் அவளிடம் நான் கேட்டதெல்லாம் கட்டையைப் பற்றித்தான்.

"இப்பக் கேக்கறேம்மா, சொல்லு" என்றேன். நோட்டு இல்லை. அலுவலகப் பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்துப் பிரித்து அதன் உள்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அவள் கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னாள். பத்தொன்பது வயது. இடது காதில் கடுக்கன். கருவாட்டைக் கண்டால் ஆகாது, மீனவன் வீட்டில் பிறந்துவிட்டு மோர்சோறுதான் கேட்பான். முட்டுக்காட்டில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பாடினால் சகிக்காது, ஆனால் ஓயாமல் பாடுவான். கவர் நிறைந்ததும் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். எனக்குக் கை வலித்தது. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

கடைசியில் எழுந்து கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள்.

"நல்லா நீந்துவான்" என்றாள். "அதையும் எழுதிக்கோ."